ஆறு மணிப் படங்கள்

அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காராதீர்கள், பின்கால் ஒன்று ஆடும். திருகாணி வாங்கி வைத்து மூன்று வாரம் ஆகிறது. முடுக்கத்தான் நேரம் வாய்க்கவில்லை. இப்படி ஜன்னல் பக்கம் வந்துவிடுங்கள். டீயை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே கேட்கலாம். போன் மேசைமேலேயே இருக்கட்டும், பதிவாகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் போன வாரமே ஏதாவது சாக்குச் சொல்லி உங்களை அனுப்பியிருப்பேன்.

நீங்கள் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் எது கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவீர்கள் அல்லவா, நானும் அப்படியே முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் தங்கையை நான் தூறல் என்றுதான் சொல்வேன். எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவள் தூறல்தான். அவள் என்று ஒருமையில் பேசுவதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்கும் தங்கை மாதிரிதான்.

குழுவில் நூற்றிருபது பேர். ஒரு பல் டாக்டர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு டீச்சர், ஒரு பஸ் டிரைவர், மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் நான், இப்படிப்பட்ட ஆட்கள். தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர்கூடத் தேறமாட்டார்கள். நாங்கள் படம் வரைவதில்லை. படம் எப்படி வர வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு வரிவரியாக எழுதிக் கொடுக்கிறோம். அதை நிரல் என்போம். இங்கே தொடங்கு, இவ்வளவு தூரம் போ, பக்கத்துக் கோட்டைக் கண்டால் ஒதுங்கு, நடுநடுவே உன் இஷ்டத்துக்கு வளைந்துகொள் என்று எழுதுவோம். அந்த இஷ்டத்தில்தான் எல்லா ருசியும். எழுதியவருக்கே என்ன வரப்போகிறது என்று முழுசாகத் தெரியாது.

தூறலின் படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேலிருந்து மெல்லிய கோடுகள் இறங்கும், ஆயிரக்கணக்கில். ஒன்றையொன்று தொடாது. தொடப்போகிற இடத்தில், கூட்டமான பஸ்ஸில் தோளை ஒடுக்கிக்கொள்கிறவர்கள் மாதிரி, இரண்டும் கொஞ்சம் விலகிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் தினம் ஒரு படம் செய்தாள். ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு படம், நிரலோடு சேர்த்து. சாயங்காலம் ஏழு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் திறக்கும். யாரும் யாரையும் பார்த்து வரையக் கூடாது என்பதற்காக ஏற்படுத்திய ஏற்பாடு. இந்தப் பன்னிரண்டு மணி நேரம் படங்களைப் பார்க்க அனுமதி உள்ளவன் நான் ஒருவன்தான். நிரல் ஓடுகிறதா, பிறர் கம்ப்யூட்டரை முடக்கிவிடுமா என்று பார்த்துவிட்டு, காலையில் கதவைத் திறந்துவிடுவேன். திறந்த படங்கள் நிரலோடு குழுவின் பெட்டகத்தில் சேர்ந்துவிடும். முந்தின நாள் வந்த வரைவுகளை, வந்த நேரக் குறிப்போடு, அழித்துவிடுவேன். சம்பளம் கிடையாது. வாட்ச்மேன் என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஒன்பது வருடத்தில் ஒரு காலைகூட நான் கதவைத் தாமதமாகத் திறந்ததில்லை. காய்ச்சலில் நூற்றிரண்டு டிகிரியோடு எழுந்து திறந்திருக்கிறேன்.

இரண்டு வருடமாகக் குழுவில் ஒரே ரகளை. கேட்டால் படம் போட்டுத் தரும் இயந்திரங்கள், கேட்டால் நிரலே எழுதித் தரும் இயந்திரங்கள் எல்லாம் வந்துவிட்டன. நாம் இத்தனை வருடம் ஊருக்கு இலவசமாகப் போட்டுவைத்ததை ஒரு வார்த்தை கேட்காமல் அள்ளித் தின்றுவிட்டன என்று பாதிப் பேருக்குக் கோபம். சிலர் தங்கள் பழைய வேலை முழுவதையும் இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பல் டாக்டர், கலப்படமில்லாத பால் விற்கிறவர் மாதிரி, படத்தின் மூலையில் 'கையால் எழுதியது' என்று முத்திரை குத்தத் தொடங்கினார். புதிதாக யாராவது சுத்தமாக ஒரு நிரல் எழுதிவிட்டால் போதும், இது நீ எழுதினதா மெஷின் எழுதினதா என்று குடைந்து எடுப்பார்கள். பாராட்டு வர வேண்டிய இடத்தில் விசாரணை வந்தது.

போன வருடம் ஒரு நூலகத்தின் மேல்மாடியில் கூடினோம். அங்கேயும் இதே பேச்சு, இதே சண்டை. அப்போது தூறல் எழுந்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும். "அது என்னை மாதிரி வரையும். வரைஞ்சுட்டுப் போகட்டும். ஆனா நாளைக்கு நான் என்ன வரைவேன்னு அதுக்குத் தெரியாது. எனக்கே தெரியாதே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவே இல்லை. நூற்றிருபது பேர் அதைக் கேட்டு நெஞ்சு குளிர்ந்து போனார்கள். அது உண்மைதானா என்று ஒருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. சோதிக்காத ஒரு விஷயத்துக்கு எப்படிக் கை தட்டுவது? லேபிள் வேலையில் ஒரு புள்ளி தவறினால் மருந்தின் அளவு பத்து மடங்காகிவிடும். சரிபார்க்காமல் எதையும் விடக் கூடாது என்று எனக்குப் பழகிவிட்டது. இங்கேயும் நான் சரிபார்க்கத்தான் விரும்பினேன்.

பொறாமை என்று நினைப்பீர்கள். அப்படி நினைக்காதீர்கள். நானும் தினமும் படம் போட்டேன், ஒன்பது வருடமாக. அதற்குக் கீழே யாரும் பெரிதாக எதுவும் எழுத மாட்டார்கள். அடிக்கடி எழுதிய ஒரே ஆள் தூறல். 'அழகா இருக்கு அண்ணா' என்று எழுதுவாள். ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். தொள்ளாயிரத்துப் பதினான்கு தடவை எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதே மூன்று வார்த்தை. மற்றவர்கள் படத்துக்கு அவள் எழுதுவதையும் பார்த்தேன். டிரைவரின் படம் ஒன்றுக்குப் பதினோரு வரி எழுதியிருந்தாள். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒன்பது வருடத்தில் அவள் எழுதிய மூவாயிரத்துச் சொச்சம் நிரல்கள் குழுவின் பெட்டகத்தில் வரிசையாக, தேதியோடு இருந்தன. அவற்றை ஒரு இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தேன். நேற்று இது வரைந்தாள், இன்று இது, அப்படியானால் நாளை எது என்று. நாலு மாதம் ஆயிற்று. இந்த அறையில்தான் அது ஓடியது. கம்ப்யூட்டருக்குள் விசிறி போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் டிவி கேட்கவில்லை என்று என் மனைவி சண்டை பிடித்தாள். தூறலை நான் படித்த அளவுக்குப் பொறுமையாக யாரும் படித்ததில்லை. அவள் எங்கே மூச்சு வாங்குவாள், எந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுவாள், மழை நாளில் இடைவெளியை எப்படிக் கூட்டுவாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். இதை அன்பு என்று சொன்னால் நீங்கள் கோபப்படுவீர்கள், அதனால் சொல்லவில்லை.

பிறகு 'நாளை' என்ற பெயரில் வெளியே ஒரு கணக்கு தொடங்கினேன். குழுவுக்கு வெளியே, எல்லோரும் பார்க்கிற இடத்தில். தினமும் காலை ஆறு மணிக்கு அதில் ஒரு படம், நிரலோடு வரும். ஏழு மணிக்கு எங்கள் கதவு திறக்கும்போது தூறலின் படம் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். என் திட்டம் இவ்வளவுதான். பத்து நாள் கழித்து எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

முதல் நாள் இயந்திரம் ஒன்று வரைந்தது. தூறலின் வரைவும் கையில் இருந்தது. இரண்டிலும் கோடுகள் இருந்தன. கொஞ்சம் திருத்தி, ஆறு மணிக்குப் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் கவனித்தார். ஆறாம் நாள் எல்லோரும் கவனித்தார்கள்.

முதலில் தற்செயல் என்றார்கள். பிறகு, பாதிப்பு என்றார்கள். இரண்டாவது வாரம் தூறல் திருடுகிறாள் என்று வாய்க்கு வந்தபடி எழுதத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களுக்கு மனிதர்மேல் சந்தேகம் வரும், கடிகாரத்தின்மேல் வராது. ஆறு மணி ஏழு மணிக்கு முந்தியது. அவள் முந்தின சாயங்காலமே அனுப்பிவிட்டாளே என்று யாரோ கேட்டதற்கு, அந்த ஆளின் படத்தை எங்கேயாவது முன்பே பார்த்திருப்பாள் என்று பதில் வந்தது. அவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. 'நாளை'யின் நிரலில் தூறலுடைய பழக்கங்கள் அத்தனையும் இருக்கின்றனவே, அது எப்படி என்று டிரைவர் மட்டும் கேட்டார். ஒன்பது வருடமாகத் திறந்து கிடக்கிற நிரல், பழக்கத்தை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் படம் முதலில் எங்கே வந்தது என்பதுதான் கேள்வி என்று நான் விளக்கினேன். அது நியாயமான பதில்தான். அவரும் ஏற்றுக்கொண்டார்.

விசாரணைக்கு மூன்று பேர் குழு அமைத்தார்கள். வாட்ச்மேன்தான் நடுநிலையான ஆள் என்று என்னைத் தலைவராகப் போட்டார்கள். அவளைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று பல் டாக்டர் ஒற்றைக்காலில் நின்றார். நான்தான் விடவில்லை. இரண்டு மணி நேரம் வாதாடி, அவள் தொடர்ந்து தினமும் படம் அனுப்பலாம் என்று தீர்ப்பு எழுத வைத்தேன். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்லது செய்ததும் கணக்கில் வர வேண்டும் அல்லவா.

கலைக்கூடத்தில் அவளுடைய படங்களைத் தனியாக வைப்பதாக இருந்தார்களே, அது அந்த வாரம் கைவிட்டுப் போனது. இரண்டு வரியில் மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு முழுச் சுவர் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. நான் வருத்தப்பட்டேன். உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். கீழே கேன்டீனில் உட்கார்ந்தோம். நகத்தைக் கடித்துக்கொண்டே, "அண்ணா, நான் எங்கயாவது பாத்துட்டு மறந்துட்டேனா? மறந்துட்டு, என்னோடதுன்னு நினைச்சுப் போடறேனா?" என்று கேட்டாள். அப்படியும் நடப்பது உண்டு என்றேன். பொய்யில்லை, நடப்பது உண்டு. "வரைவை வேற யாராவது பாக்கறாங்களா அண்ணா?" என்று கேட்டாள். "நான் மட்டும்தாம்மா பாக்கறேன்" என்றேன். "அப்பாடா. அப்ப அதுல ஒண்ணும் இல்ல" என்று சிரித்தாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வாரம் கடையில் ஒரு லென்ஸ் உடைந்தது, உங்களுக்கு நினைவிருக்கலாம். மதியம் உடைந்தது. அந்த விரிசல் ஓடிய விதம் அவளுக்குப் பிடித்துப்போய், சாயங்காலமே அதை ஒரு படமாக எழுதி அனுப்பினாள். மறுநாள் ஆறு மணிக்கு 'நாளை'யில் அதே விரிசல். ஏழரைக்குப் போன் செய்தாள். "லென்ஸ் உடைஞ்சது நேத்து மதியம் அண்ணா. கடையில நானும் முதலாளியும்தான் இருந்தோம். அதுக்கு எப்படித் தெரியும்?"

அப்போது நான் அவளிடம் சொன்னேன், அது மனிதன் இல்லை, இயந்திரம்தான் என்று. கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னேன். அவளுடைய ஒன்பது வருடத்தையும் கரைத்துக் குடித்துவிட்டு, அடுத்த நாள் என்ன செய்வாள் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது என்றேன். அவள், "ஆனா லென்ஸ் உடையப்போகுதுன்னு அதுக்கு எப்படி?" என்று அதிலேயே நின்றாள். "லென்ஸ் ஒரு சாக்கும்மா. நீ போற போக்குல இந்த வாரம் எப்படியும் ஒரு விரிசல் போட்டிருப்ப. லென்ஸ் உடையலைன்னா ஒரு தட்டு, தட்டு உடையலைன்னா சுவர்ல ஒரு கீறல். நீ பாத்துப் பிடிச்சதுன்னு நினைக்கற. அது ஏற்கெனவே உனக்குள்ள வரிசையில நின்னுட்டிருந்தது" என்றேன். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். சொல்லும்போதே எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் நீங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். துண்டுத் தாள்களில் எண்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, வந்த எண்ணை வைத்து வரைந்தாள். ஆறு மணிக்கு அதுவும் வந்தது. உங்கள் பையனைக் கேட்டு அவன் சொன்னபடி ஒன்று எழுதினாள். வந்தது. தனக்குப் பிடிக்காததை எல்லாம் சேர்த்து, கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று முட்டவிட்டு, பார்க்கவே கூசும்படி ஒன்று செய்தாள். அதுவும் வந்தது. ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு அனுப்பட்டுமா அண்ணா என்று கெஞ்சினாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், உனக்காக மாற்றினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். சரி அண்ணா என்றாள். அவள் எப்போதும் சரி அண்ணா என்றுதான் சொல்வாள்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு என் வேலையில் என்றைக்கும் அக்கறை இருந்ததில்லை. கோடு போடற வேலை என்று சிரிப்பாள். 'நாளை'யை அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். என் கம்ப்யூட்டர் திறந்திருந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது உங்களோடதா? என் தங்கச்சி கூட இதை அனுப்பியிருந்தாளே. இவ்வளவு நாளா வாயைத் திறக்காம இருந்தீங்களே" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று அவள் என்னைப் பார்த்த மாதிரி கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் பார்த்ததில்லை. அந்த விரிசல் படத்தைத் தானாகவே போய்ப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். மாட்டாதே என்று சொல்லியிருக்கலாம். பத்து நாளில் எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன் என்றேனே, அந்த எண்ணம் அதற்குப் பிறகு வரவில்லை.

முப்பத்தோராவது நாள் சாயங்காலம் தூறல் அனுப்பியதைத் திறந்தேன். நிரலில் ஒரே ஒரு வரி. தாளை வெள்ளையாக்கு. வேறொன்றும் இல்லை. கோடு இல்லை, புள்ளி இல்லை. வெறும் வெள்ளை.

நிறுத்துவதாக இருந்தால் அன்று நிறுத்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் முப்பது நாள் விடாமல் வந்த ஒன்று, ஒரு நாள் தவறினால் முழுவதும் வீணாகிவிடும். ஆறு மணிக்கு வெள்ளைத் தாளைப் போட்டேன். அந்தப் படத்துக்குத்தான் அதிகப் பாராட்டு வந்தது. எவ்வளவு துணிச்சல், எவ்வளவு நிதானம் என்றெல்லாம் எழுதினார்கள். ஏழு மணிக்குத் தூறலின் வெள்ளைத் தாள் திறந்தது. இதைக்கூடத் திருட வேண்டுமா என்று பல் டாக்டர் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதன் கீழே சிரித்திருந்தார்கள்.

அன்றோடு அவள் அனுப்புவது நின்றது. மிச்சம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்தச் சட்டை போடுவது என்றுகூட அண்ணியைக் கேட்கிறாள் என்றீர்கள். ஒரு வாக்கியம் பேசிவிட்டு, இதை நான் முன்னாடியே சொன்னேனா என்று கேட்கிறாள் என்றீர்கள். கடையில் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் தேய்ப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மனநல டாக்டர் கொடுக்கிற மாத்திரையில் பகலெல்லாம் தூங்குகிறாள். அவளுக்குள்ளிருந்து எது வந்தாலும் அது வேறு யாருக்கோ முன்பே தெரியும் என்று நினைக்கிறாள். அப்படி நினைக்கிறவர் எப்படித்தான் வாயைத் திறப்பார், பாவம்.

போன வாரம் நீங்கள் என்னிடம் உதவி கேட்டு வந்தீர்கள். உங்களுக்கு மெஷின் பத்தியெல்லாம் தெரியும்னு தங்கச்சி சொன்னா, நீங்க வந்து அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க என்று கேட்டீர்கள். நான் உள்ளே சட்டை மாற்றப் போயிருந்தேன். என் மனைவி உங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கூடத்துப் படத்தைக் காட்டி, இவர் போட்டதுதான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். நான் வெளியே வந்தபோது நீங்கள் விரிசலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். சத்தம் போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் போடவில்லை. நான் பயத்தில் கொஞ்சம் விளக்கினேன், இயந்திரம், கற்றுக்கொடுத்தது, கணக்கு என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அது தானா கணக்குப் போட்டுச் சொல்ற மெஷின்னா, என் தங்கச்சி நிறுத்தின அன்னிக்கே அதுவும் ஏன் நின்னுது?"

எங்கள் குழுவில் கணிதம் படித்தவர்கள் முப்பது பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அன்று, அவளுடைய வரைவை எடுத்துப் போட்டேன் என்று பாதிதான் சொன்னேன். இன்று முழுசாகச் சொல்கிறேன், பதிவில் தெளிவாக விழட்டும்.

இயந்திரம் அவளுடைய படத்தை ஒரு நாளும் கண்டுபிடிக்கவில்லை. முதல் நாள் அது வரைந்தது ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி இருந்தது. முதல் நாள் கொஞ்சம் திருத்தினேன் என்றேன் அல்லவா, அவளுடைய வரைவைப் பார்த்துத்தான் திருத்தினேன். இரண்டாம் நாள் கூடுதலாகத் திருத்த வேண்டியிருந்தது. நாலாம் நாளிலிருந்து அவள் அனுப்பியதையே எடுத்து, நிரலில் பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டேன். டப்பாவைக் குலுக்கி எடுத்ததும், உங்கள் பையன் சொன்னதும், வெள்ளைத் தாளும் எல்லாம் அவளுடைய வரைவுதான். இயந்திரம் பக்கத்தில் தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தினமும் அது என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். முப்பத்தொரு நாளில் ஒரு நாள்கூட, ஒரு மூலைகூட, ஒத்துவரவில்லை. அடுத்த நாள் அவள் என்ன செய்வாள் என்று யாருக்கும் தெரியவில்லை, அவள் சொன்னது சரிதான். இன்னும் ஒரு மாதம் கிடைத்திருந்தால் அது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வரைவுகள் எதுவும் இப்போது இல்லை. திறந்ததும் அழித்துவிடுவது விதி, நான் விதியை மீறியதில்லை. ஆகவே குழுவிடம் நீங்கள் என்ன சொன்னாலும் என் வாயைத் தவிர சாட்சி கிடையாது. நேற்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தூறலுக்குப் போன் செய்து இதை அவளிடம் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். அவள் நம்பவில்லை என்று பிறகு உங்களுக்குத் தெரிவித்தேன். அதனால்தான் இன்று நீங்கள் இந்தப் பதிவுக்கு வந்திருக்கிறீர்கள், விவரமாகக் கேட்டால் நம்புவாள் என்று.

அந்த அழைப்பில் நடந்ததையும் சொல்லிவிட்டால் பாக்கி இருக்காது.

நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். "நாளை நான்தாம்மா. உன் வரைவை எடுத்துத்தான் போட்டேன். மெஷின் எதையும் கண்டுபிடிக்கல. எல்லாம் உன்னோடதுதான்" என்றேன். அவளுடைய மூச்சு கேட்டது. வேகமாக, ஓடிவந்த ஆள் மாதிரி. அவள் நம்பத் தொடங்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கேட்டாள், "நிஜமாவா அண்ணா? இல்ல, எங்க அண்ணன் இப்படிச் சொல்லச் சொன்னாரா?"

இவ்வளவு நாளுக்குப் பிறகும் அவள் என்னிடம்தான் கேட்டாள். உங்கள் பேச்சையோ மாத்திரை கொடுக்கிற டாக்டர் பேச்சையோ விட, வாட்ச்மேன் அண்ணா சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வாள். கூடத்தில் என் மனைவி யாருக்கோ அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள், பேச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு யோசிக்க அதிக நேரம் இல்லை.

"ஆமாம்மா, அவர்தான் சொல்லச் சொன்னார்" என்றேன்.

அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும் அண்ணா. எனக்காக நீங்க எதுக்கு இந்தப் பழியெல்லாம் ஏத்துக்கறீங்க, நீங்க ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அவளிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. நீங்கள்தானே சொல்லச் சொன்னீர்கள்.